நல்லா இருந்துச்சு என்று சொன்னவர்

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டேகால் மணிக்கு யாராவது ஒருவர் சாக வேண்டும். ஆல்டன்வெர்ட் நகரத்தில் அது வழக்கம். அதற்குள் ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் சாப்பிட்டு முடித்து, மேஜையைத் துடைத்துவிட்டு, ஊர் மொத்தமும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிடும். படம் முடியும்வரை யாரும் யாருக்கும் போன் செய்வதில்லை. அந்த நேரத்தில் மணி அடித்தால் சொந்தத்தில் நிஜமாகவே யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அப்போதும், கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று மனத்தாங்கல் வரத்தான் செய்யும்.

மறுநாள் காலை ரொட்டிக் கடையிலும் டிராமிலும் பல் மருத்துவரிடம் காத்திருக்கும் இடத்திலும் ஒரே பேச்சுதான். நேற்றைய ‘ஆற்றுப்பாலம் வழக்குகள்’ சகிக்கவில்லை. போன வாரமும் சகிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தத் தொடரைப் பார்த்துச் சகிக்காமல் வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளைகளுக்கும் சகிக்காமல் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்த ஊரில் உண்டு.

எக்ஹார்ட் டீட்கே மட்டும் இந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. அவர் நகராட்சி நீச்சல் குளத்தின் மேற்பார்வையாளர். நாள் முழுக்க விசில் ஊதி, “ஓடாதே, வழுக்கும்” என்று கத்துகிறவருக்கு வீட்டுக்கு வந்தால் வாய் ஓய்ந்துவிடும். மனைவி ரோஸ்விட்டா மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க “இப்ப தெளிவா இருக்கா, இப்ப தெளிவா இருக்கா” என்று கேட்டு அவளுக்கும் அலுத்துப்போயிருக்கும். வார நாட்களில் அவர்கள் வீட்டில் குளிர்பதனப் பெட்டிதான் அதிகம் பேசும். ஞாயிற்றுக்கிழமைதான் இருவரும் புருஷன் பெண்டாட்டி.

அன்றைக்குப் பந்தயம் உண்டு. படத்தில் வருகிற சந்தேகப் பேர்வழிகளின் பெயர் இருவருக்குமே நினைவில் நிற்காது. அதனால் வந்த வரிசைப்படி எண் வைத்துவிடுவார்கள். முதலில் வருபவன் ஒன்று, அடுத்தவள் இரண்டு. முதல் அரை மணி நேரத்துக்குள் ஆளுக்கு ஓர் எண் சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்றக் கூடாது. தோற்றவர் குப்பைத் தொட்டிகளைத் தெருவுக்கு இழுத்துப்போக வேண்டும். காகிதத்துக்கு நீலம், காய்கறித் தோலுக்குப் பழுப்பு, பிளாஸ்டிக்குக்கு மஞ்சள், எதிலும் சேராததற்குக் கறுப்பு. பனி கொட்டும் மாதத்தில் அது சின்னத் தண்டனை அல்ல.

பெரும்பாலும் ரோஸ்விட்டாதான் ஜெயிப்பாள். “மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே எக்கி, உனக்குத் தெரியலையா?” என்று சோபாவில் காலை நீட்டிக்கொள்வாள். டீட்கே தொட்டிகளை இழுத்துக்கொண்டு போவார்.

ஆனால் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஜெயித்துவிட்டார். நான்காம் ஆள். தேனீ வளர்க்கும் பாதிரியார். ரோஸ்விட்டா முணுமுணுத்துக்கொண்டே கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். சரளைக் கல்லில் தொட்டிச் சக்கரங்கள் கடகடவென்று உருளும் சத்தம் அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. அப்போது திரையின் அடியில் ஒரு தொலைபேசி எண் ஓடியது. ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.’ மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது நீச்சல் குளத்தில் இருப்பவருக்குத் தெரியாதா?

“பார்வையாளர் கருத்துப் பிரிவு. உங்க குறை என்ன?” என்றாள் ஒரு பெண்.

“குறை ஒண்ணும் இல்லைங்க.”

“அப்ப ராங் நம்பர்.”

“இல்லைங்க, இன்னைக்குப் படத்தைப் பத்திதான். நல்லா இருந்துச்சு.”

மறுமுனையில் ஏதோ பட்டனை அழுத்தும் சத்தம் கேட்டது.

“என்ன நல்லா இல்ல?”

“நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்.”

“புரியுது. நடிகருங்க முணுமுணுத்தாங்களா?”

“இல்லையே.”

“கமிஷனர் அம்மாவோட சொந்தக் கதை ஜாஸ்தியா?”

“அளவாத்தான் இருந்துச்சு.”

“பணக்காரன்தான் கொலைகாரன்னு முன்னாடியே தெரிஞ்சிடுச்சா?”

“பணக்காரன் இல்லீங்களே, பாதிரியார்.”

“சார், எனக்கு முன்னால வரிசையா பட்டன் இருக்கு. ஏதாவது ஒரு குறையில உங்களைப் போட்டே ஆகணும். என் பொழப்பைக் கெடுக்காதீங்க.”

“எதுலயும் போடாதீங்கம்மா. சும்மா சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன்.”

“சும்மாவா?” அந்தப் பெண்ணின் குரலில் பயம் தெரிந்தது. “அப்படியே லைன்ல இருங்க. மேல கேட்டுட்டு வரேன்.”

மேலே கேட்டார்கள். அதற்கும் மேலே கேட்டார்கள். சில நாள் கழித்து டீட்கேயை நேரில் வரச் சொன்னார்கள்.

தொலைக்காட்சி நிலையத்தின் கட்டிடம் ஆற்றங்கரையில் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக நின்றது. கருத்துப் பிரிவு மட்டுமே ஒரு முழு மாடி. பிரிவின் தலைவி டாக்டர் கெஸீனே ஆல்ஹோர்ன், குட்டை முடியும் சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடியுமாக, டீட்கேயைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மியூசியத்துக்கு வந்த எலும்புக்கூட்டைப் பார்க்கிற பார்வை அது.

“ஃப்ராவ் ஆல்ஹோர்ன், நான் எதுக்கு…”

“ஃப்ராவ் டாக்டர்,” என்று திருத்தினார். அந்த ஊரில் பெண்ணை ஃப்ராவ் என்றும் ஆணை ஹெர் என்றும் மரியாதையாகக் கூப்பிட்டாலும், பட்டத்தை விட்டுவிட்டால் குற்றம்தான்.

“ஃப்ராவ் டாக்டர் ஆல்ஹோர்ன், நான் எதுக்கு இங்க?”

“நீங்க நல்லா இருந்துச்சுன்னு சொல்லியிருக்கீங்க, ஹெர் டீட்கே. குடிச்சிருந்தீங்களா?”

“ஒரே ஒரு பீர்.”

“அது குடிச்சதுல சேராது. யாராவது தூண்டிவிட்டாங்களா? தயாரிப்புக் கம்பெனியில சொந்தக்காரங்க யாராவது?”

“இல்லை மேடம். பந்தயத்துல ஜெயிச்சேன். சந்தோஷத்துல சொல்லிட்டேன்.”

டாக்டர் ஆல்ஹோர்ன் எழுந்து ஜன்னலருகே போய் நின்று பேசினார். பிரசங்கம் செய்ய அவருக்கு ஜன்னல் வேண்டும் போலிருக்கிறது.

“பார்வையாளரோட கருத்துதான் எங்க உயிர்மூச்சு. அதனாலதான் அது தயாரிக்கறவங்களைப் போய் நேராத் தாக்கிடாம, நடுவுல ஒரு மாடி முழுக்க ஆள் போட்டுப் பாதுகாக்கறோம். குறை வந்தா அதுக்கு நன்றின்னு பதில் எழுதறோம். பதில் மோசம்னு ஒரு குறை வரும். அதுக்கும் நன்றி எழுதறோம். எல்லாம் ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்துச்சு. இப்ப உங்க கருத்தை எப்படி முடிச்சு வைக்கறதுன்னு எங்களுக்குத் தெரியல. நன்றின்னு எழுதினா, எதுக்கு நன்றின்னு ஆகுது?”

“அப்ப வாபஸ் வாங்கிக்கறேன் மேடம்.”

“கருத்துச் சுதந்திரம் இருக்கற நாடு இது. வாபஸ் வாங்க விடமாட்டோம்.”

விதிமுறைகளைப் புரட்டிப் பார்த்ததில் அவர்கள் ஒரு பதவியைக் கண்டுபிடித்திருந்தார்கள். திருப்தியுற்ற பார்வையாளர். நிலையம் தொடங்கிய காலத்தில் யாரோ எழுதி வைத்தது, இதுவரை ஒரு நாளும் ஆள் கிடைக்கவில்லை. கௌரவப் பதவி. அந்த நாட்டு நீதிமன்றத்தில் நீதிபதிக்குப் பக்கத்தில் உட்காரச் சாதாரண ஜனங்களைக் கூப்பிடுகிறார்களே, அதைப் போல. கூப்பிட்டால் போயே ஆக வேண்டும்.

“எத்தனை நாளைக்கு?” என்றார் டீட்கே.

“வெளியே போக வழி இல்லாம இல்ல. எழுபது வயசு ஆகணும். இல்ல சாகணும். இல்ல அதிருப்தி அடையணும்.”

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே வேலை ஆரம்பித்தது. ஓர் அறை. இருவர் உட்காரும் சாம்பல் நிற சோபா, ஒரு செடி, ஒரு கிண்ணம் உப்பு பிஸ்கட். எதிரே தொலைக்காட்சி. அதற்குப் பக்கத்தில், மறுபுறமிருந்து மட்டும் பார்க்க முடிகிற பெரிய கண்ணாடி. அதற்குப் பின்னால் டாக்டர் ஆல்ஹோர்னும் ஆட்களும் உட்கார்ந்து டீட்கே திருப்தி அடைவதைக் கவனிப்பார்கள். ஊருக்கு அந்த வாரப் படம் ஓடும்போது, அவருக்கு மட்டும் அடுத்த குளிர்காலத்தில் வரப்போகிற படத்தைப் போட்டுக்காட்டினார்கள். டீட்கே கொஞ்சம் பெருமைகூடப் பட்டார். படம் சூடு பிடித்தது. கமிஷனர் அம்மாள் எல்லோரையும் ஒரு படகு வீட்டில் கூட்டி, “உங்கள்ல ஒருத்தர்தான்…” என்று விரலை நீட்டினார்.

படம் நின்றது. விளக்கு எரிந்தது.

“என்ன ஆச்சு மேடம்? கரண்ட் போச்சா?”

“அவ்வளவுதான்,” என்றார் டாக்டர் ஆல்ஹோர்ன் உள்ளே வந்து. “முடிவைக் காட்டினா உங்க கருத்து முடிவால பாதிக்கப்படும். பாதிக்கப்படாத கருத்துதான் வேணும். சொல்லுங்க, எப்படி இருந்துச்சு?”

“யாருங்க கொன்னது?”

“எப்படி இருந்துச்சு?”

டீட்கே சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணாடியில் தன் முகம்தான் தெரிந்தது. “நல்லா இருந்துச்சு,” என்றார்.

இப்படியே ஞாயிறு வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. படகு வீட்டில், மதுக்கிடங்கில், பாடகர் குழுவின் ஒத்திகை அறையில் விரல்கள் நீண்டன, விளக்குகள் எரிந்தன. இவர் தலைக்குள் பிடிபடாத கொலைகாரர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள். குளத்தில் யாராவது சற்று நேரம் நீருக்கடியில் இருந்தாலே இவர் விசிலை ஊதினார்.

ஆனால் அதுவல்ல அவரை அரித்தது. வீடு. ரோஸ்விட்டா தனியாக உட்கார்ந்து அந்த வாரப் படத்தைப் பார்ப்பாள். இவர் வேறெதையோ பார்த்துவிட்டு வருவார். இன்னும் வெளிவராத படம் என்பதால் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். டீட்கே அந்த ஊர்க்காரர். இப்போது ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் குளிர்பதனப் பெட்டிதான் பேசியது.

பந்தயம் இல்லை என்பதால் தோற்றவர் யார் என்பதும் இல்லை. ஒரு வாரம் தொட்டிகளை யாருமே இழுக்கவில்லை. திங்கட்கிழமை பக்கத்து வீட்டு ஃப்ராவ் கிம்மல் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“உங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா ஹெர் டீட்கே? மஞ்சள் தொட்டி வெளிய வரலையே. பிரியறீங்களோன்னு நினைச்சேன்.”

“சேச்சே, மறந்துட்டோம்.”

“மஞ்சள் தொட்டியை மறக்கறவங்க உண்டா?” என்றாள் அவள். தெருவில் அன்றைக்கே பேச்சு பரவிவிட்டது.

அன்று ராச் சாப்பாட்டின்போது ரோஸ்விட்டா கத்தியைக் கீழே வைத்தாள். “நேத்து மூணாம் ஆளுன்னு சரியாச் சொன்னேன் எக்கி. சத்தமாச் சொன்னேன். திரும்பிப் பாத்தா சோபாவுல நீ இல்ல. ஆள் இல்லாத வீட்ல கொலைகாரனைக் கண்டுபிடிச்சு யாருக்கு என்ன ஆகப்போகுது?” அவள் கண் கலங்கியது. பாதிரியார் கொலைகாரனாக இல்லாமல் போயிருந்தால் இந்த வம்பே இல்லையே என்று டீட்கே நொந்துகொண்டார்.

அதிருப்தி அடைவது என்று முடிவு செய்தார்.

“மேடம், படம் சகிக்கல,” என்றார் அடுத்த ஞாயிறு, விளக்கு எரிந்ததும்.

டாக்டர் ஆல்ஹோர்னின் முகம் மலர்ந்தது. அவருக்கும் இந்தச் சனியனை முடித்து வைத்துவிட வேண்டும் என்ற ஆசை இருந்திருக்கும் போல. “எது சகிக்கல?”

“முடிவு.”

“முடிவை நீங்க பாக்கலையே.”

“அப்ப பேச்சு. முணுமுணுன்னு பேசறாங்க, ஒண்ணும் விளங்கல.”

உடனே ஒரு காட்சியைத் திரும்பப் போட்டார்கள். மீனவர் ஒருவர் தாடிக்குள் ஏதோ முனகினார். “என்ன சொன்னார்?” என்றார் டாக்டர்.

“‘அவனை வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நான் பாக்கலை’ன்னார்,” என்று டீட்கே பட்டென்று சொல்லிவிட்டார். நூறு பிள்ளைகள் கத்துகிற இடத்தில் ஒரு பிள்ளை முனகுவதைப் பிடிக்கப் பழகிய காது அது. எஜமானனைக் கேட்டுக்கொண்டா கேட்கும்?

“உங்களுக்கு நல்லாக் கேக்குது ஹெர் டீட்கே.”

“சரி, கமிஷனர் அம்மா எங்க போனாலும் வாசல்லயே கார் நிறுத்த இடம் கிடைக்குதே. எந்த ஊர்ல அப்படிக் கிடைக்குது?”

“அது நல்ல குறை,” என்றார் டாக்டர் ஆல்ஹோர்ன் வருத்தத்துடன். “ஆனா அதுக்கு ஆள் இருக்கார். ரிட்டயர் ஆன தபால்காரர். ரொம்ப வருஷமா அவர்தான் பாத்துக்கறார். அவர் குறையை உங்களுக்கு எப்படிக் குடுக்கறது?”

அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஊருக்கு வெளியே ரயில் பாதையோரம் ஆளுக்கொரு துண்டு தோட்ட நிலம் வாடகைக்குக் கொடுக்கிறார்களே, வேலி உயரம்கூட அளந்து வைத்து, அதே ஏற்பாடுதான் இங்கேயும். முணுமுணுப்பு ஒரு மூதாட்டிக்கு. பின்னணி இசை ஒரு வாத்தியாருக்கு. கமிஷனரின் கைகூடாத காதல் ஒரு பல் மருத்துவருக்கும் அவருடைய முன்னாள் மனைவிக்கும் கூட்டாக. ஒருவர் செத்தால்தான் குறை காலியாகும். காத்திருப்போர் வரிசை நீளமாக இருந்தது.

“பேரைப் பதிஞ்சு வைக்கட்டுமா?” என்றார் டாக்டர் ஆல்ஹோர்ன்.

டீட்கே பெயரைப் பதிந்துகொண்டார். வேறென்ன செய்வார்?

நிலையத்தின் ஆண்டு விழாவில் அவரை மேடையில் ஏற்றினார்கள். தலைவர் லூட்கர் வீஸ்மோர், வெள்ளிப் பொத்தான் வைத்த கோட்டில், ஒரு கையில் மதுக் கோப்பையுடன் பேசினார்.

“நண்பர்களே! மக்கள் குறை சொல்றாங்க. நாங்க எதையும் மாத்தறதில்ல. மாத்தாததால மறுபடி குறை சொல்றாங்க. இந்த நம்பிக்கைதான் நம்ம உறவோட அஸ்திவாரம். ஆனா நம்ம கிட்ட குறை மட்டும்தான் வருதுன்னு சில பொறாமைக்காரங்க பேசினாங்க. அவங்களுக்கு இதோ பதில்!” என்று டீட்கேயின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். “திருப்தியான பார்வையாளர். ஒருத்தர்தான். ஆனா அவரை நாங்க விடமாட்டோம்!”

கைதட்டல் ஓயவே இல்லை. கூட்டத்தில் தபால்காரரும் மூதாட்டியும் பல் மருத்துவரும் இருந்தார்கள். அவர்கள் மட்டும் கை தட்டவில்லை. பிஸ்கட் மேஜை அருகே தபால்காரர் வந்து, “உங்களால எங்க எல்லாருக்கும் கெட்ட பேர். ஒரு மனுஷன் இப்படியா பிழைக்கணும்?” என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். உள்ளேயும் சிறை, வெளியேயும் ஏச்சு. டீட்கேக்கு ஆப்பசைத்த குரங்கின் நிலைமை.

வீட்டுக்கு வந்தால் ரோஸ்விட்டா கூடத்தில் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“நான் போன் பண்ணிட்டேன்,” என்றாள்.

“யாருக்கு?”

“உன் ஆளுங்களுக்குத்தான்.”

“திட்டினியா ரோஸி?”

“திட்டினா நன்றின்னு எழுதுவாங்க. நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்.”

டீட்கே கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “பைத்தியமாடி உனக்கு? அங்க போனா வெளிய வர முடியாது. படம் அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?”

“குப்பை. ரெண்டாம் ஆளுன்னு பத்து நிமிஷத்துலயே தெரிஞ்சிடுச்சு.”

“அப்புறம் எதுக்கு?”

“சோபாவுல ரெண்டு பேர் உக்காரலாம்னு நீதானே சொன்ன,” என்றாள் ரோஸ்விட்டா.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்தே டிராமில் போனார்கள். அவள் உதட்டுச் சாயம் பூசியிருந்தாள். இருவர் உட்காரும் சோபா அப்படியேதான் இருந்தது. டாக்டர் ஆல்ஹோர்ன் வாசலிலேயே கை நீட்டித் தடுத்தார்.

“தம்பதிகள் ஒரே அறையில உக்காரக் கூடாது. ஒருத்தர் திருப்தி இன்னொருத்தருக்கு ஒட்டிக்கும். ஃப்ராவ் டீட்கே, உங்களுக்குப் பக்கத்து அறை.”

“கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல ஒட்டாததா இன்னைக்கு ஒட்டப் போகுது?” என்றாள் ரோஸ்விட்டா. யாரும் சிரிக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

படம் ஓடியது. ஓர் ஆற்றங்கரை, ஒரு பிணம். வரிசையாக வந்தார்கள். ஒன்று, பல்லைக் கடிக்கும் தம்பி. இரண்டு, பாடகர் குழுத் தலைவி. மூன்று, அதிகம் பேசாத கால்நடை மருத்துவர். டீட்கே திரையைப் பார்க்கவில்லை. பிஸ்கட்டையும் தொடவில்லை. அந்தப் பக்கம் அவள் என்ன செய்கிறாள், காலை நீட்டியிருப்பாளா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அரை மணி ஆகப்போகிறது. அப்புறம் எண் சொல்லக் கூடாது.

சுவர் ஓரமாகச் சாய்ந்தார். விரல் மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார்.

ஒன்றும் இல்லை. திரையில் பாடகர் குழுத் தலைவி அழுதாள். கமிஷனர் அம்மாள் வாசலிலேயே காரை நிறுத்தினார். பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டொக், டொக், டொக் என்று வந்தது. நிதானமாக, நிச்சயமாக, மூஞ்சியைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று கேட்கிற மாதிரி.

டீட்கே வாய்விட்டுச் சிரித்தார். பல மாதங்களில் அந்த அறையில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வழக்கம்போல விரல் நீண்டது, விளக்கு எரிந்தது. டாக்டர் ஆல்ஹோர்ன் வேகமாக உள்ளே வந்தார். முகத்தில் பரபரப்பு. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஹெர் டீட்கே, சுவத்துல யாரோ தட்டற சத்தம் கேட்டுச்சு. படத்தோட மௌனமான கட்டம். உங்களுக்கு இடைஞ்சலா இருந்திருக்கும். நான் பாத்துட்டேன், இந்தக் குறைக்கு இதுவரைக்கும் ஆளே இல்ல. புத்தம் புதுசு. வரிசையில நிக்க வேண்டாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இன்னைக்கே உங்களை விடுவிச்சுடலாம். அடுத்த ஞாயிறு உங்க வீட்டு சோபாவுல நிம்மதியா உக்காந்து பாக்கலாம்.”

“என் மனைவி?”

“அவங்க இப்பதானே வந்திருக்காங்க.”

டீட்கே வீட்டு சோபாவை நினைத்துப் பார்த்தார். பீர், கம்பளி, முடிவு வரைக்கும் ஓடுகிற படம், அதற்குப் பக்கத்தில் காலியான பாதி. பிறகு இந்தச் சுவரைப் பார்த்தார். முடிவு தெரியாததால் இன்றைக்குத் தோற்றவர் யாரும் இல்லை. நான்கு தொட்டிகளையும் யார் இழுப்பது என்று டிராம் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே போகலாம்.

“சொல்லுங்க ஹெர் டீட்கே,” என்று கெஞ்சினார் டாக்டர் ஆல்ஹோர்ன். “அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு,” என்றார் டீட்கே.